விசில் ஊத ஒரு ஆள் வேணும்

எழுபது மீட்டர் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டிருந்தால் இத்தனை நாளாகச் சும்மா கையைக் காட்டி "அந்தா அதுவரைக்கும்" என்றிருப்பேன். இப்போது சரியாகச் சொல்வேன். என் காலுக்குத் தொண்ணூற்று நாலு எட்டு.

பெரியப்பா மகனின் முந்திரித் தோப்புக்கு நடுவே வண்டிப்பாதை ஒன்று நேராகப் போகும். அங்கேதான் அளந்தோம். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். மறுமுனையை இழுத்துக்கொண்டு அண்ணன் மகள் நடந்தாள், காலடியில் சருகு நொறுங்க. டேப் முப்பது மீட்டர்தான். ரெண்டு முறை குச்சி நட்டு, மூன்றாம் முறை பத்தோடு நிறுத்தினோம். அந்தப் பக்கம் போய் நின்றவள் வீட்டிலிருந்து எடுத்து வந்த தேங்காய் மூடியைத் தூக்கிக் காட்டினாள். ஒலிம்பிக்கில் வைக்கிற இலக்கின் குறுக்களவு 122 செ.மீ. அதன் நட்டநடுவில் இருக்கும் பத்து மதிப்பெண் வட்டம் 12.2 செ.மீ.; கிட்டத்தட்ட ஒரு பெரிய தேங்காய் மூடி.

"எங்கடி மூடி?" என்று கத்தினேன்.

"கையிலதான் சித்தப்பா இருக்கு!"

எனக்குக் கையே தெரியவில்லை.

இதெல்லாம் எதற்கு என்றால், நெய்வேலியில் ஒரு வில்வித்தைத் திடல் போடலாம் என்று எங்கள் வீட்டில் ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. 2024 பாரீஸ் பாராலிம்பிக்ஸில் ஆரம்பித்தது. ஜம்மு-காஷ்மீரின் கிஷ்த்வாரிலிருந்து வந்த ஷீதல் தேவி, பதினேழு வயசுப் பெண், பிறவியிலேயே இரண்டு கையும் இல்லை. வலது காலால் வில்லைப் பிடித்து, தோளால் நாணை இழுத்து, தாடையால் விடுகிறாள். ராகேஷ் குமாரோடு சேர்ந்து கலப்பு அணியில் வெண்கலம். அதே பாரீஸில் ஹர்விந்தர் சிங் தங்கம். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுப் பெண் சோற்றுக் கையோடு எழுந்து, "நமக்குத்தான் ரெண்டு கையும் இருக்கே, ஏன் சித்தப்பா யாரும் விடறதில்ல?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. இன்னமும் இல்லை.

வெளியே சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள். ஆட்டோக்காரரிடம் "ஆர்ச்சரி பழகுற இடம் பார்க்கணும்" என்றேன். "ஆர்ச் கேட்டா? ஏறுங்க" என்றார். அவர்மேல் தப்பில்லை. ஆர்ச் கேட் என்பது எங்கள் டவுன்ஷிப்பின் நுழைவாயில். இந்த ஊரில் அந்த ஒலியில் ஆரம்பிக்கிற ஒரே சொல் அதுதான்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் இது வில்லுக்கு அந்நியமான ஊரே இல்லை. டவுன்ஷிப்பிலேயே வேலுடையான்பட்டு முருகன் கோயில் இருக்கிறது. அதற்கு வில்லுடையான்பட்டு என்றும் பெயர். அங்கே முருகன் கையில் வில். பங்குனி உத்திரத்துக்குக் காவடிக் கூட்டத்தில் நசுங்கிச் சன்னதிவரை போனவர்கள் எத்தனை பேர் அதைக் கவனித்திருப்போம்? நான் நாற்பது வயசுக்கு மேல்தான் கவனித்தேன். சிதம்பரம் பக்கம் போனால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை ஒட்டித் திருவேட்களம். வேடனாக வந்த சிவனோடு அர்ச்சுனன் மல்லுக்கட்டிப் பாசுபதம் வாங்கியதாகச் சொல்லும் கோயில். சுற்றுக் கிராமங்களில் திரௌபதியம்மன் திருவிழா என்றால் அர்ச்சுனன் தபசு இல்லாமல் முடியாது. கம்பத்தில் ஏறுகிற கூத்துக்காரர் மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். கீழே பெண்கள் முந்தானையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். விடிய விடிய வில்லைப் பற்றிப் பாட்டுக் கேட்ட ஜனங்கள்தான் நாம். நாணை இழுத்துப் பார்த்தவர்கள்தான் குறைவு.

நான் இழுத்திருக்கிறேன், ஒரு விதத்தில். தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை ராமாயணம் ஓடிய காலம். மூங்கில் பிளாச்சில் வில், குடைக்கம்பியில் அம்பு. கம்பி நுனியைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துக் கூராக்குவோம். ஒரு நாள் என் அம்பு பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வேலியைத் தாண்டிப் போய், அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மாமியின் காலுக்கு ஒரு சாண் தள்ளி, வாழைத்தண்டில் இறங்கியது. அப்பா பெல்ட்டைக் கழற்றவில்லை, திட்டவும் இல்லை. அந்த வாழையிடம் என்னைக் கூட்டிப் போய், "பிடுங்கு" என்றார். என்னால் பிடுங்க முடியவில்லை. அவ்வளவு ஆழம். "இது காலா இருந்தா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு முடிந்தது என் வில்வித்தை.

இப்போது திடல் போடுவதைப் பற்றிப் படிக்கப் படிக்க, பேசப் பேச, அப்பா கேட்ட அந்த ஒரு கேள்விக்குத்தான் எல்லா அளவும் எல்லா விதியும் பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன என்று தெரிகிறது.

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். உற்சாகத்தில் யாரையும் கேட்காமல் ஆன்லைனில் ஒரு வில் வாங்கினேன். படம் அழகாக இருந்தது. இழுவிசை நாற்பது பவுண்டு. பன்னிரண்டு வயசுக் குழந்தையால் அதைக் காதுவரைக்கும் அல்ல, மார்புவரைக்கும்கூட இழுக்க முடியாது. வாங்கியவனாவது இழுத்துக் காட்டுவோம் என்று நின்றேன். முன்கையில் நாண் அறைந்ததில் முழங்கைக்குக் கீழே கத்தரிக்காய் நிறத்தில் ஒரு பட்டை. பத்து நாள் முழுக்கைச் சட்டை. பிறகு தெரிந்த பயிற்சியாளர் ஒருவர் வெளியூரிலிருந்து வந்து பார்த்தார். வில்லை வாங்கிச் சுவரில் மாட்டச் சொன்னார். குழந்தைக்குப் பதினாலிலிருந்து பதினெட்டுப் பவுண்டு போதுமாம். அதுவும் முதல் சில வாரம் வில்லே கிடையாது. ரப்பர் பட்டையை இழுத்து, தாடைக்குக் கீழே ஒரே இடத்தில் கையைக் கொண்டுவந்து நிறுத்துகிற பழக்கம் மட்டும். அம்பு கோக்காமல் நாணை இழுத்து விடவே கூடாது என்றார். அம்புக்குப் போக வேண்டிய விசை முழுக்க வில்லுக்கே திரும்பி, தண்டு பிளந்துவிடும். கடைக்காரர்கள் நாணைச் சுண்டிக் காட்டுவதைப் பார்த்தால் இனி எனக்குப் பதறும்.

அதே ஆள் எங்கள் முந்திரித் தோப்பு அளவையும் பார்த்தார். "காலையில எத்தனை மணிக்கு அளந்தீங்க?"

"ஏழு."

"கிழக்கே பார்த்து நின்னா தேங்காய் மூடி என்னங்க, தென்னை மரமே தெரியாது."

எங்களுக்கு இது தோன்றவே இல்லை. பெரிய போட்டிகளில் திடலைத் தெற்கிலிருந்து வடக்கே பார்த்து விடுகிற மாதிரிதான் அமைக்கிறார்கள், நம் வடபாதி உலகத்தில். காலையிலும் மாலையிலும் வெயில் கண்ணில் அடிக்காது. வண்டிப்பாதையைத் திருப்பிப் போட முடியாது. ஆகவே தோப்பு பயிற்சிக்கு உதவலாம், திடலாகாது. போதாக்குறைக்குப் பங்குனி பிறந்தால் முந்திரி விழ ஆரம்பிக்கும். கொட்டை பொறுக்க வருகிற பெண்கள் எந்த மரத்தடியில் குனிந்திருக்கிறார்கள் என்று தெரியாது. மூன்று மாதம் அங்கே அம்பை எடுக்கவே கூடாது என்று நானே விதி போட்டுவிட்டேன்.

சரி, ஒரு திடலுக்கு என்னதான் வேணும்? எழுபது மீட்டர் என்பது ஒலிம்பிக்கில் விடுகிற ரீகர்வ் வில்லுக்கு. சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லுக்கு ஐம்பது மீட்டரில் 80 செ.மீ. இலக்கு. 2028 லாஸ் ஏஞ்சலஸில் காம்பவுண்ட் கலப்பு அணியையும் சேர்த்திருக்கிறார்கள். நம் நாட்டுக்கென்றே மூங்கில் வில்லில் 'இந்தியன் ரவுண்டு' என்று ஒன்று உண்டு; தேசியப் போட்டிவரை நடக்கிறது, செலவும் குறைவு. உள்ளரங்கில் பதினெட்டு மீட்டர், 40 செ.மீ. தாள். குழந்தைகள் தொடங்குவது ஐந்து, பத்து மீட்டரில். ஆகவே ஆரம்பிக்கப் பதினெட்டு மீட்டர் தாராளம்.

தூரம் சின்ன விஷயம். இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். குழந்தை விடுகிற பதினெட்டுப் பவுண்டு வில்கூட, கொஞ்சம் மேல்நோக்கித் தவறி விட்டால் நூறு மீட்டர் தாண்டிப் போகும். பெரியவர்கள் விடும் ரீகர்வ் அம்பு மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. தவறுகிற அம்பை வாங்கிக்கொள்ள மண்மேடு வேணும். இரண்டு ஆள் உயரத்துக்கு, கல் கலக்காத மண். பக்கவாட்டிலும் இடம் விட வேணும், குறுக்கே ஒத்தையடிப் பாதை இருக்கக் கூடாது. நாம் எந்தக் காலி மனையிலும் குறுக்கு வழி கண்டுபிடிப்பவர்கள் என்பதால் வேலி இல்லாமல் ஆகாது.

மண்மேடு என்றதும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஊர் ஊராக இதற்கு லாரி லாரியாக மண் தேடுவார்கள். இங்கே ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை அள்ளி ஒதுக்குகிறோம். 1957இல் வெட்ட ஆரம்பித்ததிலிருந்து இதுதான் வேலை. மைன்ஸ் பக்கம் போனால் மலை மாதிரி நிற்கிறது. பெரிய மலை இல்லாத கடலூர் மாவட்டத்தில் நாமே போட்ட மலை.

மண் இருக்கிறது. இலக்குப் பலகைக்கு என்ன செய்வது? வைக்கோலை இறுக்கிச் செய்தால் மலிவு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை இரண்டு வாரம் பிடித்தால் அழுகும், மழை விட்டால் கரையான். ஃபோம் பலகை நிற்கும், காசு. நண்பன் ஒருத்தன், தெர்மல் மின்நிலையத்தில் இருப்பவன், "பழைய கன்வேயர் பெல்ட் வெட்டி மாட்டிடுவோம்டா, எவ்ளோ அடிச்சாலும் தாங்கும்" என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இங்கே பெரிய பெல்ட்டுக்குள் ஓடுவது ஸ்டீல் கார்டு. அம்பு கம்பியில் பட்டால் எங்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. கடைசியில் எளிய வழி ஒன்று கிடைத்தது: மெக்கானிக் கடையில் கை துடைக்கிற பனியன் வேஸ்ட். அதைச் சாக்கில் அடைத்து, கட்டையால் குத்திக் குத்தி இறுக்கினால் பத்து மீட்டர் அம்பை அருமையாக வாங்குகிறது. ஒரு சாக்குக்கு எவ்வளவு பிடிக்கும் என்று நினைக்கிறீர்கள்? ரெண்டு மூட்டை வாங்கினோம், அரைச் சாக்குதான் நிறைந்தது. என் அண்ணி பழைய நைட்டி, பனியன், கிழிந்த போர்வை எல்லாவற்றையும் கொண்டுவந்து திணித்தாள். பீரோவில் இடம் வந்ததில் அவளுக்கு ஏகத் திருப்தி.

சாக்கில் படாமல் போகிற அம்புதான் தலைவலி. காய்ந்த சருகுக்கு அடியில் பாம்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போய்ப் படுத்துவிடும். மேலே ஒன்றுமே தெரியாது. ஒரு சாயங்காலம் ஒரே அம்பை முக்கால் மணி நேரம் வெறுங்காலால் துழாவித் தேடினோம். பயிற்சியாளர் கேள்விப்பட்டுக் கோபப்பட்டார். செருப்பில்லாமல் தேடக் கூடாதாம், முனை மேலே பார்த்துக் கிடந்தால் பாதத்தில் ஏறும். கிடைத்த அம்பையும் அப்படியே விடக் கூடாது. கார்பன் அம்பென்றால் இரு கையால் லேசாக வளைத்து, காதருகே வைத்துக் கேட்க வேணும். சின்ன நெறிப்புச் சத்தம் வந்தாலும் முறித்துப் போட்டுவிட வேணும். விரிசல் விட்ட அம்பு விடும்போதே சிதறி, சிம்பு சிம்பாகக் கையில் ஏறும். எங்கள் வீட்டுப் பெண் இப்போது முருங்கைக்காயைக்கூட வளைத்துக் காதில் வைத்துப் பார்க்கிறாள்.

கம்பெனி ஊர்களுக்கும் வில்லுக்கும் நாடு முழுக்க ஒரு தொடர்பு ஓடுகிறது. ஜாம்ஷெட்பூரில் 1996இல் டாடா ஆர்ச்சரி அகாடமி தொடங்கினார்கள். ராஞ்சி பக்கத்து ஆட்டோ ஓட்டுநரின் மகள் தீபிகா குமாரி, கல்லால் மாங்காய் அடித்துக் குறி பழகிய பெண், அங்கே போய்ச் சேர்ந்தது 2006இல். நாலே வருஷத்தில் 2010 காமன்வெல்த் போட்டியில் தங்கம். அது எஃகு ஊர். நம்மைப் போலக் கரியில் மின்சாரம் எடுக்கும் என்டிபிசி 2018லிருந்து இந்திய வில்வித்தைக்கே புரவலர். பக்கத்து மாநிலத்தில் விஜயவாடாவைப் பாருங்கள், ஜோதி சுரேகாவும் தீரஜ் பொம்மதேவராவும் அந்த ஊர்க்காரர்கள். தமிழ்நாட்டில் வில் என்றதும் நினைவுக்கு வருபவர் ஷிஹான் ஹுசைனி. கராத்தேக்காரராகவும் நடிகராகவும்தான் பலருக்குத் தெரியும். மாநில வில்வித்தைச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். 2025 மார்ச்சில் காலமானார். கொல்லிமலையில் ஆடிப் பெருக்கையொட்டி நடக்கும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டி வைக்கிறார்கள். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தைத் துளைத்ததாகப் புறநானூறு சொல்கிற ஆசாமி ஓரி. அந்த உடும்புக்குப் பின்னால் யாராவது விறகு பொறுக்கிக்கொண்டிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதெல்லாம் எனக்கு யோசனை ஓடுகிறது. புத்தி இப்படி ஆகிவிட்டது.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "இங்க காலி இடத்துக்கா பஞ்சம்?" என்று நிறையப் பேர் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் டவுன்ஷிப்பில் காலியாகக் கிடக்கிற எந்த மூலையும் ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் களமாகவோ கொல்லையாகவோ இருந்தது. பல கிராமங்கள் எழுந்து போன பிறகு வந்த ஊர் இது. அதனால் திடல் எந்த பிளாக்கில் வந்தாலும், கேட்டில் "குவார்ட்டர்ஸ் பிள்ளைகளா?" என்று கேட்காத திடலாக இருக்க வேணும். மந்தாரக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருகிற பிள்ளைக்கும் அதே வில், அதே வரிசை. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

இனி விசில் விஷயம். உலக வில்வித்தை விதியில் இது அச்சு மாதிரி இருக்கிறது. இரண்டு விசில் அடித்தால் விடுபவர்கள் கோட்டுக்கு வரலாம். ஒன்று அடித்தால் அம்பைக் கோத்து விடலாம். மூன்று அடித்தால் எல்லாரும் வில்லை வைத்துவிட்டு அம்பு பிடுங்கப் போகலாம். ஐந்தோ அதற்கு மேலோ தொடர்ந்து அடித்தால், இழுத்த நாணை அப்படியே மெல்லத் தளர்த்தி, உடனே நிறுத்தியாக வேணும். யாரோ குறுக்கே வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். நாய் வந்தாலும் அதேதான்.

அப்பாவிடம் சொன்னேன். எழுபத்தெட்டு வயசு, காது மந்தம். மைன்ஸில் முப்பத்து மூன்று வருஷம். "பெல்ட் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஹாரன் அடிப்போம்ல, அதான் இது" என்றார். "ஹாரன் அடிக்காம ஓட்டினவனை நாங்க சேர்த்துக்க மாட்டோம்." பிறகு கொஞ்சம் நேரம் கழித்து, நான் மறந்தே போயிருந்ததை அவர் கேட்டார்: "அந்த வாழை மரம் என்ன ஆச்சு?"

குலை தள்ளியது அப்பா, என்றேன். அடுத்த வருஷம் மாமி நமக்கும் ஒரு சீப்பு கொடுத்தாங்க.

இடம் கேட்டு மனு எழுதி முடித்துவிட்டேன். பதினெட்டு மீட்டர், நாலு இலக்கு, பின்னால் மண்மேடு, மூன்று பக்கம் வேலி, சனி ஞாயிறு காலை ஆறரையிலிருந்து எட்டரை. பயிற்சியாளர் மாதம் இரண்டு முறை வர ஒப்புக்கொண்டிருக்கிறார். மூங்கில் வில் ஆறு, சின்ன ரீகர்வ் ரெண்டு, இவ்வளவுக்குப் பணம் திரட்டலாம். மனுவில் கடைசி வரிதான் பாக்கி. பொறுப்பாளர்கள் இருவர் என்று போட்டிருக்கிறேன். ஒன்று என் பெயர். பயிற்சியாளர் இல்லாத வாரத்தில் நான் கோட்டருகே பிள்ளைகளோடு நிற்க வேணும். அப்போது ஒதுங்கி நின்று மொத்தத் திடலையும் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் வேணும். போனைப் பார்க்காதவர். வெயிலுக்கும் பேச்சுக்கும் கவனம் சிதறாதவர். ரிட்டயர் ஆன ஷிப்ட் இன்சார்ஜ் யாராவது இருந்தால் இரட்டிப்புச் சந்தோஷம். வில்லைத் தொட்டதே இல்லையென்றாலும் பரவாயில்லை.

நெய்வேலியில் இருப்பவர்கள் அப்படி ஒரு ஆள் தெரிந்தால் சொல்லுங்கள். விசில் வாங்கி வைத்துவிட்டேன், ரெண்டு.